எந்தப் பிறஷர் என்று கேளுங்கள்

நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாக இத்தாலியன் கதைப்பவர்கள். இந்த ஊரில் பிறந்து, இங்குள்ள பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர்கள். நான் லிபெர்த்தாப் பகுதியில் ஒரு பணக்கார வீட்டில் தரை துடைத்துக்கொண்டே சொல் சொல்லாகப் பொறுக்கிக் கற்றவள். பிறகு எப்படியோ ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. கூடுதலான காலம் கண் பிரிவில்தான் இருந்தேன். இனி அந்த வேலைக்கு நீங்கள் போகிறீர்கள். மொழியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதைக் கேட்டபின் உங்களுக்குத் தைரியம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

கண் பிரிவுக்கு வரும் நம் ஆட்களில் பெரும்பாலானோர் கண்புரைக்காகத்தான் வருவார்கள். கற்றாக் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை கண்ணாடிபோலத் தெளிவாக இருக்க வேண்டியது. வயது போகப்போக அது மங்கும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும், சில மருந்துகளை நீண்ட நாள் பாவிப்பவர்களுக்கும் முந்தியே மங்கும். அந்த வில்லையை எடுத்துவிட்டுப் புதியது ஒன்றை வைப்பார்கள். சிறிய நேர வேலை. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

தமிழ்ப் பெயர் இருந்ததால் மொரீசியஸ் பெண் ஒருவரை ஒருமுறை என்னிடம் அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் தமிழே தெரியாது. இருவரும் எங்கள் உடைந்த இத்தாலியனில்தான் கதைத்துக்கொண்டோம். வீடு துப்புரவாக்கும் வேலை அவருக்கு. மூலையெல்லாம் தூசி கிடக்கிறது என்று வீட்டுக்காரச் சின்னோரா குறை சொல்லத் தொடங்கியிருந்தார். ஒப்பரேசன் முடிந்து அடுத்த முறை வந்தபோது, தன் வீட்டுக் குசினிச் சுவர் வெள்ளை நிறம் என்பதே தனக்கு மறந்துபோயிருந்தது என்றார். எல்லாம் மஞ்சளாகிக்கொண்டு வந்ததை அவர் கவனிக்கவேயில்லை. அவர் சந்தோசமாகப் போனார். அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். அதனால்தான் கற்றாக் என்றால் யாரும் பயப்படுவதில்லை. பயப்படத் தேவையில்லை என்றுதான் நானும் எல்லோருக்கும் சொல்லிவந்தேன்.

யோகநாதனுக்கும் பயம் இருக்கவில்லை. அது அவருடைய உண்மைப் பெயரல்ல.

சீசா என்ற பகுதியில் மனைவியோடும் ஒரே மகளோடும் இருந்தார். லிபெர்த்தாவில் வயதான வழக்கறிஞர் ஒருவரைப் பராமரிக்கும் வேலை. குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுபோவது எல்லாம் அவர்தான். பல வருடங்களுக்கு முன்பு, இன்னும் நடமாடித் திரிந்த காலத்தில், அந்த வழக்கறிஞருக்கு இரண்டு கண்களிலும் கற்றாக் எடுத்தார்கள். யோகநாதன்தான் கூட்டிக்கொண்டு போய், பிறகு நாள்தோறும் சொட்டு மருந்து விட்டவர். பேப்பரைத் தூக்கி எறிந்திருந்த மனிதர் திரும்பவும் பேப்பர் படித்ததைக் கண்ணால் கண்டவர். அதனால் கற்றாக்கைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தார். உண்மையாகவே அவருக்குக் கனக்கத் தெரிந்திருந்தது.

அந்தச் சொட்டு மருந்தில் கொஞ்சம் மிஞ்சியது. அந்த நாட்களில் யோகநாதனுக்குக் கண் கடியும் சிவப்பும் இருந்தன. பாலைவனத் தூசியோடு சிரோக்கோ காற்று வீசும்போது இந்த ஊரில் யாருக்குத்தான் கண் கடிக்காது? மிஞ்சியதைத் தன் கண்ணிலும் விட்டுப் பார்த்தார். ஒரே இரவில் சிவப்புப் போய்விட்டது. அது ஸ்டெரொய்ட் மருந்து. ஒப்பரேசன் செய்த கண்ணுக்குச் சில வாரங்கள் மட்டும் விடுவதற்கானது. வழக்கறிஞருக்கு மாதாமாதம் எழுதும் மருந்துகளோடு அதுவும் வந்துகொண்டேயிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. யோகநாதன் தன் கண்களுக்கு விட்டுக்கொண்டேயிருந்தார். வருடக்கணக்கில்.

அப்படி விட்டால் இரண்டு காரியம் நடக்கலாம். ஒன்று, வில்லை மங்கும். அது கண்ணுக்குத் தெரியும், திருத்தலாம். மற்றது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். அது நோகாது, சிவக்காது, ஒன்றுமே தெரியாது. பின்னால் இருக்கும் நரம்பை அது ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். செத்த நரம்பைத் திருப்பி எடுக்க உலகத்தில் யாராலும் முடியாது.

பார்வை மங்கத் தொடங்கியபோது யோகநாதன், தனக்கும் கற்றாக் வந்துவிட்டது என்று சரியாகவே கண்டுபிடித்தார். அதற்கு அவசரமில்லை என்பதும் அவருக்குத் தெரியும். வழக்கறிஞரும் நன்றாக முற்றவிட்டுத்தானே செய்தார். வேலையில் லீவு எடுப்பது கஷ்டம். பிறகு செய்யலாம் என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் சந்தியில் நாற்காலியைத் தெருவுக்கு இறக்கும்போது இடப்பக்கத்திலிருந்து வந்த ஸ்கூட்டரை அவர் காணவில்லை. ஓட்டிவந்தவன் சறுக்கி விழுந்தான். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கறிஞரின் மகள் நல்ல மனுசி. கண்ணைக் காட்டிவிட்டு வா, அதுவரை வேறு ஆள் பார்க்கும் என்றார். அப்படித்தான் அவர் எங்களிடம் வந்தார்.

மகள் தர்சிகாவும் கூட வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். மனைவிக்கு வேலை; வரமுடியவில்லை. நான் இருப்பது தெரிந்தும் ஏன் மகளைக் கூட்டிவந்தார் என்று கேட்கவேண்டாம். பிள்ளை கூட இருந்தால் அவருக்குப் பெருமை, அவ்வளவுதான்.

வைத்தியர் ஒரு நடுத்தர வயதுப் பெண். முதலில் ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் எழுத்துக்களை வாசிக்கச் சொன்னார். வலக்கண்ணால் பெரிய எழுத்துகள் மூன்றை வாசித்தார். வலக்கண்ணை மூடியதும் பேசாமல் இருந்தார். வாசியுங்கள் என்றேன். “லைற்றை நிப்பாட்டிப்போட்டினமோ?” என்று கேட்டார்.

லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது.

இதை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். ஒரு கண் முழுதாகப் போயிருப்பதை அந்த மனிதர் அந்த அறையில்தான் முதன்முதலாக அறிந்தார். வீட்டில் இருக்கும் அம்மா அப்பாவை மாதத்துக்கு ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் காசும் வேண்டாம், மொழியும் வேண்டாம்.

வைத்தியர் கண்ணின் அழுத்தத்தை அளந்தார். இன்னொருமுறை அளந்தார். பிறகு வெளிச்சம் பாய்ச்சி உள்ளே நீண்ட நேரம் பார்த்தார். கற்றாக் இருக்கிறது, ஆனால் பிரச்சினை அதுவல்ல என்று எனக்குச் சொன்னார். அதை நான் தமிழில் சொல்லத் தொடங்குமுன்பே தர்சிகாவின் முகம் மாறிவிட்டது. அவளுக்குத்தான் இத்தாலியன் என்னைவிட வேகமாக விளங்குமே.

இதற்கு முன் யாராவது கண்ணின் அழுத்தத்தை அளந்தார்களா என்று வைத்தியர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“ஓம்,” என்றார் யோகநாதன். “முந்தி ஒருக்கா கண்ணாடிக் கடையிலை பார்த்தவை. கண்ணுக்கை காத்து ஊதிப் பார்க்கிற மிசின். பிறஷர் நல்லாக் கூட, உடனை டொக்டரிட்டைக் காட்டு எண்டவை. நான் உடனை எங்கடை டொக்டரிட்டைப் போனனான். அவரும் கையிலை கட்டிப் பார்த்திட்டு, ஓம் கூடத்தான் எண்டு குளுசை தந்தவர். ஒருநாளும் விட்டதில்லை. இண்டைக்குக் காலமையும் போட்டிட்டுத்தான் வந்தனான்.”

எனக்கு விளங்கிவிட்டது. கடைக்காரர் சொன்னது கண்ணின் பிரெஸ்ஸியோனே, அதாவது அழுத்தம். குடும்ப வைத்தியர் பார்த்தது இரத்தத்தின் பிரெஸ்ஸியோனே. எங்கள் வீடுகளில் பிறஷர் என்றால் ஒன்றுதான், கையில் கட்டிப் பார்ப்பது. கடைக்காரர் சரியாகச் சொன்னார். அந்தச் சொல்லைத் தமிழில் மாற்றிக் கொடுத்தவரும் சரியாகத்தான் சொன்னார். அந்த வைத்தியரிடம் பிறஷர் கூட என்றால் அவர் கையைத்தானே பார்ப்பார்? யோகநாதன் குளுசையைத் தவறவிடாமல் போட்டார். ஒருவரும் பிழை விடவில்லை. கண் மட்டும் போய்விட்டது.

நான் இத்தாலியனில் சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல். வைத்தியர் கண்ணை மூடித் திறந்தார். கடையில் உங்களுக்கு யார் மொழிபெயர்த்தது என்று கேட்டார். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எப்படி நடந்தது என்று அறிவதற்காகத்தான்.

யோகநாதன் சிரித்தார். “பிள்ளைதான். அப்ப ஒரு பத்து வயசு இருக்கும். அப்பவே கடைக்காரரோடை பெரிய ஆக்கள் மாதிரிக் கதைப்பா.”

உங்களில் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். யாரோ சொந்தக்காரர் என்று நான் சொல்லியிருக்கலாம். வைத்தியருக்கு அதுவே போதும். அவருக்கு இரண்டாவது கேள்வி இருந்திருக்காது. ஆனால் எனக்குப் பக்கத்தில் இரண்டு மொழியும் விளங்கும் ஒருத்தி இருந்தாள். அப்பா தமிழில் சொன்னதையும் கேட்டாள், நான் இத்தாலியனில் சொல்லப்போவதையும் கேட்பாள். நான் மாற்றினால், மறைக்கவேண்டிய குற்றம் ஒன்றை நீ செய்திருக்கிறாய் என்று அவளிடம் நானே சொன்னதாகிவிடும். ஆகவே இருந்தபடியே சொன்னேன். மகள், அப்போது பத்து வயது.

வைத்தியர் தர்சிகாவைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். யோகநாதனைப் பார்த்து, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் வேறு, இரத்தத்தின் அழுத்தம் வேறு என்று மெதுவாக விளக்கினார். சொட்டு மருந்து பற்றியும் கேட்டறிந்து, அதுதான் காரணமாக இருக்கும் என்றார். இடக்கண்ணுக்கு இனி ஒன்றும் செய்யமுடியாது. வலக்கண்ணில் நடுவில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கற்றாக்கை எடுத்தால் அந்தக் கொஞ்சம் தெளியும். போனது வராது.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டார்.

“கையிலை பார்க்கிற பிறஷர் இல்லையோ அது?”

“இல்லை அண்ணை. கண்ணுக்குள்ளை இருக்கிறது.”

யோகநாதன் தலையை இடப்பக்கம் திருப்பத் தொடங்கினார். தர்சிகா அந்தப் பக்கத்தில் இருந்தாள். முழுவதும் திருப்பிய பிறகுதான் அவளை அவரால் பார்க்க முடிந்தது. அவள் கைப்பையின் சிப்பைப் பூட்டித் திறந்துகொண்டிருந்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

வலக்கண்ணுக்கு ஒப்பரேசன் நல்லபடி நடந்தது. கட்டைப் பிரித்த அன்று மனைவியும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் வடிவாய்த் தெரியும்தானே அக்கா என்று கேட்டார். வைத்தியர் முன்பே சொல்லியிருந்ததை நான் அவருக்குத் திரும்பவும் சொன்னேன். காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. கற்றாக் எடுத்தால் கண் வரும் என்பதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோமே. கட்டை எடுத்ததும் யோகநாதன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூக்கு நல்ல தெளிவாகத் தெரியுது என்றார். மனைவி சிரித்தார். அவருக்கு மூக்குத்தான் தெரிந்தது என்பது மனைவிக்கு விளங்கவில்லை. ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல.

அந்த வேலைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. வழக்கறிஞரின் மகள் விலகச் சொல்லவில்லை, அவராகவே விட்டார். இன்னொருவரின் உயிரைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடக்க இனி என்னால் முடியாது என்றாராம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

அழுத்தம் பார்க்க அவர் மாதாமாதம் வரவேண்டியிருந்தது. ஒருமுறை மனைவி மருந்து எடுக்கப் போன நேரத்தில், என்னைப் பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னார். ஒன்று சொல்லுவேன், அதைத் தர்சிகாவிடம் சொல்லவேண்டும் என்றார்.

“அந்த நேரமே எனக்குத் தெரியும், அது கண் பிறஷர்தான் எண்டு. கடைக்காரன் கண்ணைத் தொட்டுக் காட்டினவன். வேலை போயிடுமெண்ட பயத்திலைதான் நான் கண் டொக்டரிட்டைப் போகேல்லை. பிள்ளை சரியாத்தான் சொன்னவ. நான்தான் போகேல்லை. இதை நான் உங்களிட்டைச் சொன்னனான் எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ.”

நீங்களே சொல்லலாமே என்றேன். “நான் பொய் சொன்னா அவ கண்டுபிடிச்சிடுவா. நீங்கள் சொன்னா நம்புவா,” என்றார்.

பொய் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. வந்ததை அவர் கவனிக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லு, கூட்டாதே, குறைக்காதே. அது உண்மையா என்று பார்ப்பது எங்கள் வேலையல்ல. அந்தச் சட்டத்தின் பின்னால் நின்றுகொண்டால் பாதுகாப்பு என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அன்று அது எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. சொல்லாமல் விட்டால் அவர் அடுத்த மாதமும் கேட்பார். சொன்னால் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு போகிறேன். சொல்வதென்று முடிவெடுத்தேன். ஆனால் இது நடந்தது என்று சொல்வதில்லை. உன் அப்பா இப்படிச் சொன்னார் என்று மட்டும் சொல்வது.

தர்சிகாவை ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் தரிப்பில் கண்டேன். அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே சொன்னேன், அந்தப் ‘பொய்’யைத் தவிர. குறைக்காதே என்ற சட்டத்தை அன்று நான் மீறினேன். அவள் தெருவைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்ரி, அண்டைக்குக் கடையிலை நான் பக்கத்திலை நிண்டனான். அந்த ஆள் ஒண்டையும் தொட்டுக் காட்டேல்லை. அவர் எனக்குத்தான் சொன்னவர். தெல்லொக்கியோ எண்டு சொன்னவர், கண்ணினுடைய எண்டு. எனக்கு அது ஞாபகம் இருக்கு. தமிழிலை என்னெண்டு சொல்லுறதெண்டு தெரியேல்லை. பிறஷர் எண்டு மட்டும் சொன்னன்.”

அப்ப நீ சின்னப்பிள்ளை என்றேன். அது எல்லோரும் சொல்லக்கூடியது. அவளுக்கு அது போய்ச் சேரவேயில்லை.

“அந்தச் சொல்லை விட்டது எனக்குத் தெரியும் எண்டு அப்பாவுக்குத் தெரியுமோ?”

“உனக்குத் தெரியாதெண்டுதான் நினைக்கிறார். அப்பிடி நினைக்கத்தான் விரும்புறார்.”

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. நான் அவளோடு நின்றேன். கடைசியில், சரி அன்ரி, நான் பார்த்துக்கொள்ளுறன் என்று சொல்லிவிட்டு நடந்தே போனாள்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளவேண்டியவற்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். பிறஷர் என்று யார் சொன்னாலும் எந்தப் பிறஷர் என்று கேளுங்கள். தமிழில் சொல் இல்லையென்றால் கண்ணைத் தொட்டுக் காட்டுங்கள். இன்னொருவருக்கு எழுதிய சொட்டு மருந்தை யாரும் கண்ணில் விடக்கூடாது என்று, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கண் மங்குவதெல்லாம் கற்றாக் அல்ல. கற்றாக் காத்திருக்கும், மற்றது காத்திருக்காது. நாற்பது தாண்டினால் கண் வைத்தியரிடம் ஒருமுறையாவது போகச் சொல்லுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

இவையெல்லாவற்றையும் நான் கோயிலிலும் கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் சொல்லித் திரிந்தேன். தலையாட்டினார்கள். கண்ணாடிக் கடையில் மொழிபெயர்ப்பாளர் இல்லை, குடும்ப வைத்தியரிடம் இல்லை. ஆஸ்பத்திரியிலும் எங்கள் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பிள்ளைகளை விட்டால் யாரைக் கூட்டிப்போவார்கள்? நான் ஓய்வுபெற்ற வாரத்திலும் ஒரு தாய் தன் சின்ன மகளோடு வந்து வரிசையில் நின்றார். வரிசையில் நின்று அந்தப் பிள்ளை தாய்க்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தாள், வலு கெட்டித்தனமாக.

போன மாதம் சீசாவில் மரக்கறிக் கடையில் யோகநாதனின் மனைவியைச் சந்தித்தேன். இப்போது இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். மெலிந்திருந்தார். யோகநாதன் எப்படி என்று கேட்டேன். வீட்டோடுதான், வலக்கண்ணும் குறைந்துகொண்டு வருகிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மகளைப் பற்றித்தான் தனக்குக் கவலை என்றார்.

“முந்தி தகப்பனிலை உயிரையே வைச்சிருந்த பிள்ளை அக்கா. இப்ப ஒவ்வொரு நாளும் அவரோடை சண்டை. ஏன் அப்பவே போகேல்லை, சொன்னனான்தானே, தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீங்கள் எண்டு கத்துறாள். அந்த மனுசன் ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லுறேல்லை. பிழை என்னிலைதான், மன்னிச்சுக்கொள் பிள்ளை எண்டு அவளிட்டைக் கெஞ்சுறார். அவள் அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்துறாள். கண் தெரியாத தகப்பனிட்டை இப்பிடி மன்னிப்புக் கேட்க வைக்கிறாளே, இவளுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையோ? உங்கடை சொல்லைக் கேட்பாள். ஒருக்கா நீங்கள் கதைச்சுப் பாருங்கோ.”

நான் பார்த்துக்கொள்ளுறன் என்று பஸ் தரிப்பில் அவள் சொன்னது எதை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கதைக்கிறேன் என்று அவருக்குச் சொன்னேன். அவருடைய பைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவரோடு பஸ் வரைக்கும் நடந்தேன். தர்சிகாவோடு நான் இன்னும் கதைக்கவில்லை. கதைக்கப்போவதும் இல்லை.